கூடைக்காரிக்கு ஒரு சட்டம், கம்பெனிக்கு ஒரு சட்டமா?

பள்ளிக்கூடத்து மணி அடிக்கிற நேரத்தில் புதுவை நகரின் ஏதாவதொரு சர்க்கார் பள்ளி வாசலுக்குப் போய்ப் பாருங்கள். மதிலோரத்து நிழலில் ஒரு மூதாட்டி கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருப்பார். அவித்த கடலை, சுண்டல், கொய்யா, நெல்லிக்காய், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று. இவ்வளவுதான் அவருடைய சரக்கு. கூடை காலியானால் அன்று வீட்டில் உலை கொதிக்கும். இல்லாவிட்டால் இல்லை.

பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்திற்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி செய்தது. 2021 ஜூலையில் அது அமுலுக்கு வந்தது. பள்ளி நிர்வாகம் தானே உணவு விற்றாலும், குத்தகைக்காரரை வைத்து விற்றாலும், பதிவோ லைசென்ஸோ இருந்தாக வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு.

குழந்தைகளின் உணவுக்குச் சட்டம் வேண்டாம் என்று சொல்பவர்கள் நாமல்ல. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில், பள்ளியின் சமையல் கொட்டகையில் பற்றிய நெருப்பு 94 பிஞ்சு உயிர்களைப் பலி கொண்டது. 2013-இல் அதே ஜூலை 16-ந் தேதி, பீகாரில் கண்டாமன் கிராமத்தில், பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். இவற்றை மறந்தவன் மனிதனல்ல. கண்டிப்பான சட்டமும் வேண்டும், கண்டிப்பான சோதனையும் வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த இரண்டு கொடுமைகளும் வாசலில் கூடை வைத்திருந்தவர்களால் நேர்ந்தவை அல்ல. மதிலுக்கு உள்ளே, நிர்வாகத்தின் பொறுப்பிலிருந்த அடுப்படியில் நேர்ந்தவை!

எனவே நாம் கேட்கிறோம்: சட்டத்தின் கண் யாரைப் பார்க்கிறது? யாரைக் கண்டால் மூடிக்கொள்கிறது?

முதலில் அந்த 50 மீட்டரை எடுத்துக்கொள்வோம். பள்ளியைச் சுற்றி 500 கெஜ தூரத்திற்கு இத்தகைய பண்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்றுதான் 2010-இல் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 500 கெஜம் என்றால் 450 மீட்டருக்கும் மேல். விதியாக வெளிவந்தபோது அது ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது! நம் ஊர்த் தெருவில் 50 மீட்டர் என்பது எவ்வளவு? சில வீடுகளைத் தாண்டினால் தெருமுனை. அங்கே கடை வாசலில் தோரணம் போல் தொங்குகின்றன வறுவல் பொட்டலங்கள். சட்டத்தின் கை அதுவரை நீளாது.

அடுத்து, உப்பும் சர்க்கரையும் 'மிகுதி' என்றால் எவ்வளவு மிகுதி? அதற்குத் திட்டமான கிராம் கணக்கை விதி சொல்லவில்லை. பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சுகாதார நிபுணர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வந்தார்கள். 2022-இல் ஆணையம் வெளியிட்ட நகல் விதி என்ன செய்தது? எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரம் வழங்க முன்வந்தது! குழந்தையின் உடம்பைக் கெடுக்கும் பண்டத்திற்குப் பட்டமும் பதக்கமுமா?

பொட்டலத்தில் பதினான்கு இலக்க லைசென்ஸ் எண் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். தயாரித்தவர் யார் என்று கண்டுபிடிக்க அந்த எண் உதவும். அந்த எண்ணால் உப்பு ஒரு சிட்டிகை குறையுமா? சர்க்கரை ஒரு கரண்டி குறையுமா? கம்பெனிக்கு எண் இருக்கிறது, ஆகவே அது 'சட்டபூர்வமான' பண்டம். மூதாட்டியின் கொய்யாவுக்கு எண் இல்லை, ஆகவே அது சந்தேகத்துக்குரிய பண்டம். இது சுகாதாரமல்ல, காகிதத்தின் ராஜ்யம்!

சிறு வியாபாரிகள் லைசென்ஸ் எடுக்க வேண்டாம், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்று 2011 விதிகள் வகுத்தன. கேட்பதற்கு எளிதுதான். ஆனால் கணினியில் விண்ணப்பம், புகைப்படம், அடையாளச் சான்று, தொழில் செய்யும் இடத்தின் விலாசம்! கூடைக்கு ஏது விலாசம்? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இதற்காக ஒரு நாள் பிழைப்பை விட்டு, இடைத்தரகருக்கும் காசு கொடுத்து அலைய வேண்டும். 100 ரூபாய்ச் சீட்டின் உண்மையான விலை இதுதான்.

தெரு வியாபாரிகளுக்கென்று 2014-இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. கணக்கெடுத்துச் சான்று வழங்கும்வரை எவரையும் விரட்டக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது அது. புதுவை நகராட்சியின் கதையோ நாமறிந்தது. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் தேர்தலே இல்லாமல் அதிகாரிகளின் ஆட்சி நடந்தது. ஓட்டுக் கேட்டு வராத அதிகாரிக்குக் கூடைக்காரியின் குரல் எப்படிக் கேட்கும்?

வாசல் வியாபாரத்துக்கு இவ்வளவு கெடுபிடி. பள்ளிக்குள் வரும் சோற்றின் கதை என்ன?

பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1930-இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்த ஊர் நம் புதுவை. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் சமையல் வசதி இருக்க வேண்டும் என்றது. ஆனால் அதே பிரிவில் ஒரு சந்தும் வைத்தது: நகரங்களில், தேவைப்படும் இடங்களில், மையச் சமையற்கூடத்தைப் பயன்படுத்தலாமாம். சர்க்காரே சமைத்து வந்த சோறு, லாஸ்பேட்டையில் அட்சய பாத்திரம் அறக்கட்டளை நடத்தும் ராட்சச அடுப்புக்குப் போயிற்று. வெங்காயமும் பூண்டும் சேர்க்க மாட்டோம் என்று அந்த நிறுவனம் மறுத்ததால் 2018-இல் கர்நாடகத்தில் எழுந்த சச்சரவை நாடறியும். பிள்ளையின் உடல் தேவையைக் கேட்டு உணவுப் பட்டியல் போடுவதா, சமைக்கிறவரின் ஆசாரத்தைக் கேட்டுப் போடுவதா?

மதிய உணவுச் சமையல் வேலையில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் முன்னுரிமை வேண்டும் என்று 2004 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அது கூலிக்கான உத்தரவு மட்டுமல்ல, சாதித் தீண்டாமையைப் பிள்ளைகளின் பந்தியிலிருந்தே விரட்டும் உத்தரவு. அதே ஆண்டு அக்டோபரில், அங்கன்வாடி உணவு சப்ளையில் காண்டிராக்டர்களே கூடாது என்றும் அக்கோர்ட் கூறியது. பள்ளிச் சமையலறையை மூடி, தூரத்து யந்திர அடுப்பிலிருந்து சோற்றை வண்டியில் ஏற்றினால் அந்த முன்னுரிமை என்னாகும்? சோறு கெட்டால் யார் சட்டையைப் பிடிப்பது?

நாம் கோருவது இவைதான்:

பள்ளி வாசல் வியாபாரிகளைத் தேடிப்போய், இலவசமாகப் பதிவு செய்து சான்று கொடு. குடிதண்ணீர்க் குழாய், மூடிபோட்ட பெட்டி, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைச் சர்க்கார் செலவில் கொடு. அதன் பிறகு சோதனை போடு!

உப்புக்கும் சர்க்கரைக்கும் கிராம் கணக்கில் வரம்பு கட்டு. பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை அச்சிடு.

பள்ளிக்கு உணவு தரும் ஒவ்வொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும், சோதனை முடிவையும் பள்ளிச் சுவரில் ஒட்டு.

பள்ளியிலேயே சமையலறை கட்டு. உள்ளூர்ப் பெண்களுக்கு நிரந்தர வேலை கொடு.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்க உங்களுக்கு எந்த லைசென்ஸும் தேவையில்லை. பள்ளி வாசலில் ஒன்று கூடுங்கள், கூடைக்காரியையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்!