கான்சர் குணமான பிறகு யாரைப் பார்ப்பது? நம்ம ஊர் டாக்டர் போதாதா?

திண்டுக்கல்:

ஆபரேஷன் முடிந்தது. கரண்டு வைத்தாகிவிட்டது. ஊசியும் போட்டு முடித்தாச்சு. "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க" என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள்.

முதல் தடவை குடும்பமே கூடப் போகிறது. அடுத்த தடவை துணைக்கு ஒருவர். அதற்குப் பிறகு, "நல்லாத்தானே இருக்கோம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்." அத்தோடு சரி!

காரணம் அலட்சியம் மட்டும்தானா? மதுரைக்கு 60 கிலோ மீட்டருக்கு மேல். அடையாறு என்றால் 400 கிலோ மீட்டருக்கு மேல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும், நிலக்கோட்டையில் பூ கட்டுகிறவருக்கும் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் செலவு தனி.

சரி, தெருமுனை டாக்டரிடம் போனால்? "உங்களுக்குக் கான்சர் இருந்திருக்கு. எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே காட்டிடுங்க" என்கிறார். சாதாரண இருமலுக்கும் அதே பதில்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. உள்ளூர் டாக்டர் பார்க்கத் தயங்குகிறார். நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பவர், உயிர் பிழைத்து வந்தவர்!

கனடாவில் நடந்த சோதனை

மார்புப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை முடித்த 968 பெண்களைக் கனடாவில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியைக் குடும்ப டாக்டரும், மறு பாதியைக் கான்சர் ஆஸ்பத்திரியும் கவனித்தன. 2006-ம் ஆண்டு முடிவு வெளியானது.

நோய் திரும்பி வந்து பெரிய பாதிப்பு ஏற்பட்டவர்கள் குடும்ப டாக்டர் பக்கம் 17 பேர். ஆஸ்பத்திரி பக்கம் 18 பேர். ஏறக்குறைய சமம்!

அந்தக் குடும்ப டாக்டர்கள் கான்சர் நிபுணர்கள் அல்ல. என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிய ஒரே ஒரு தாளைத்தான் அவர்களிடம் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 296 பெண்களை வைத்து நடந்த சோதனையும் (1996) இதையே சொன்னது.

"அது வெள்ளைக்காரன் ஊர். நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் நம்ம ஜில்லாவிலேயே இருக்கிறது.

அம்பிளிக்கை காட்டிய வழி

ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும், பிரான்சு நாட்டில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் மற்றவர்களோடு சேர்ந்து, 2000-ம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கின.

30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். கருவி? வினிகர் போன்ற ஒரு திரவமும், கூர்ந்து பார்க்கும் கண்ணும்!

31,343 பெண்களைச் சோதித்தார்கள். 3,088 பேருக்குச் சந்தேகம். அவர்களில் 3,052 பேர் அடுத்த கட்டப் பரிசோதனையும் செய்துகொண்டார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை. குணமானவர்களைக் கவனிக்கும் சோதனை அல்ல. ஆனாலும், கான்சர் வேலை என்றாலே நிபுணர்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இங்கே உடைந்தது.

இன்னொரு கணக்கும் அதிலேயே இருக்கிறது. கான்சருக்கு முந்தைய நிலை 1,874 பேருக்குத் தெரியவந்தது. சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம்தான். கண்டுபிடித்த பிறகும் பாதியில் நின்றுபோகிறவர்கள் உண்டு. அவர்களைத் தேடிப் பிடிக்க உள்ளூரில் ஆள் வேண்டும்.

உள்ளூர் டாக்டர் என்ன செய்யலாம்?

மார்புப் புற்றுநோய்: வருடா வருடம் மேமோகிராம் எடுக்கச் சொல்ல வேண்டும். டமாக்சிபென் மாத்திரையை 5 வருடம், சிலர் 10 வருடம் சாப்பிட வேண்டும். "நல்லாயிடுச்சு" என்று நடுவில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்றவர் இந்த மாத்திரை சாப்பிடும்போது ரத்தம் பட்டால் உடனே அனுப்ப வேண்டும்.

வாய், தொண்டை: கழுத்தில் கரண்டு வைத்தவருக்குத் தைராய்டு குறையலாம். அவ்வப்போது ரத்தம் சோதிக்க வேண்டும். தாடையில் கரண்டு வைத்தவருக்குக் கேட்காமல் பல்லைப் பிடுங்கினால் எலும்பு புண்ணாகிவிடலாம். புகையிலையும் சுருட்டும் விளைந்த மண் இது. அந்தப் பழக்கத்தை விட வைப்பதும் சிகிச்சைதான்.

கர்ப்பப்பை வாய்: கரண்டு வைத்தவருக்கு மலத்தில் ரத்தம் வந்தால் "மூலம்" என்று மருந்து கொடுத்து அனுப்பக்கூடாது.

சில கான்சர் ஊசிகள் வருடம் கழித்து இருதயத்தைப் பாதிக்கும். மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் "வயசாயிடுச்சு" என்று விடக்கூடாது. சுகர், பிரஷர் பார்ப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் உள்ளூரிலேயே முடித்துவிடலாம் என்று அர்த்தமில்லை. முதல் இரண்டு வருடம், நோய் முற்றி வந்தவர்கள், புதிதாகக் கட்டியோ ரத்தப் போக்கோ உள்ளவர்கள் எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

அந்த ஒரு தாள் எங்கே?

என்ன நோய், எந்தக் கட்டம், என்ன சிகிச்சை, எந்தத் தேதியில்? இனி எப்போது என்ன பரிசோதனை? எந்த அறிகுறி வந்தால் உடனே அனுப்ப வேண்டும்? யாருக்குப் போன் செய்ய வேண்டும்? சிகிச்சை முடிந்தவர் ஒவ்வொருவர் கையிலும் இப்படி ஒரு தாள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று 2005-லேயே சொன்னது. நம்ம ஊரில் அது தமிழிலும் வேண்டும்.

டாக்டருக்கு ஏது நேரம்? உண்மைதான். வாசலில் கூட்டம் நிற்கிறது. ஆனால் கேள்வி கேட்பதையும் தேதி நினைவூட்டுவதையும் நர்சு செய்யலாம். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடிப் போனது. அதே போல, கான்சர் குணமானவர் பட்டியல் ஒன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால் என்ன? 2022-ல் திறந்த திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, உள்ளூர் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன? கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: பீரோவில் மஞ்சப்பைக்குள் கிடக்கும் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். ஜெராக்ஸ் போட்டு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு காப்பி கொடுங்கள். அடுத்த செக்கப் தேதி தாண்டிவிட்டதா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.