அந்தப் பையனுக்குத்தான் அக்கறை அதிகம்

"அக்கறை இருந்தா மறக்காதும்மா." போன மாதம் மதுரையில் ஒரு தோல் மருத்துவர் என் அக்காவிடம் இப்படிச் சொன்னார். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகன் பக்கத்திலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். மூன்று மாதத்துக்கு முன் எழுதிக்கொடுத்த முகப்பரு களிம்பில் பாதிக்கு மேல் டியூபிலேயே இருந்தது. அதைப் பிதுக்கிப் பார்த்த கையோடு தீர்ப்பும் வந்துவிட்டது. பையனுக்குக் கவனக்குறைபாடு இருப்பதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து எழுதிக்கொடுத்த காகிதம் அதே ஃபைலில்தான் இருந்தது. யாரும் அதைப் புரட்டவில்லை. வீட்டுக்கு வந்தால் அவனுடைய பெரியப்பா அதையே தன் பாணியில் சொன்னார்: "ராத்திரி படுக்கப் போறப்ப ஒரு பொட்டு மருந்து தடவ உடம்பு வணங்கல. இவன் எங்கிட்டுப் படிச்சு உருப்பட?"

நான் கேட்கிறேன், கொரோனா ஓய்ந்து இத்தனை காலம் ஆன பிறகும் முகக்கவசம் போட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போகிறவனுக்கா முகத்தின் மேல் அக்கறை இல்லை? சித்திரை வெயிலில் வேர்த்து வழிந்தாலும் அதைக் கழற்றுவதில்லை. உறவுக்காரக் கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுக்க எல்லாரும் மேடைக்கு ஏறியபோது இவன் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். ஒரு பையன் தன் முகத்தை நினைத்து இதற்கு மேல் என்னதான் கவலைப்பட வேண்டும்? அக்கறை அவனிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அக்கறை மருந்து தடவாது, கைதான் தடவ வேண்டும். சரியான நேரத்தில் நினைவு வந்து, செய்துகொண்டிருப்பதை விட்டு எழுந்து, முகம் கழுவி, டியூபைத் தேடி எடுத்து, பாதியில் வேறெதிலும் மனம் போகாமல் தடவி முடிக்க வேண்டும். கவனக்குறைபாடு உள்ள மூளைக்குக் கடினம் இந்த வரிசைதான்.

இது செல்லம் கொடுக்கிற சித்தியின் சப்பைக்கட்டு இல்லை. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட மூளைப் படங்கள், இந்தப் பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்வது சராசரியாக மூன்று வருடம் பிந்துகிறது என்று காட்டின. திட்டமிடுவதையும் கவனத்தைத் திருப்புவதையும் பார்த்துக்கொள்ளும் முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியிருக்கிறார். அறிவில் குறையில்லாத பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறோம் என்று அன்றே சொல்லிவிட்டார். நூற்றிருபது வருடம் கழித்தும் நம் ஊரில் இதற்குத் திமிர் என்று பெயர். கிட்டப்பார்வை உள்ள பிள்ளையிடம் "ஆசை இருந்தா போர்டு தெரியும்" என்று எந்தக் கண் மருத்துவராவது சொல்வாரா?

உடனே ஒரு கேள்வி வரும். எல்லார் வாயிலும் தயாராக இருக்கும் கேள்வி: "மூணு மணி நேரம் செல்போன்ல கேம் ஆடுறானே, அப்ப மட்டும் கவனம் எங்கிருந்து வருது?" கேமில் நொடிக்கு நொடி பலன் கிடைக்கிறது. சுட்டால் விழுகிறது, விழுந்தால் புள்ளி ஏறுகிறது. கவனத்தை அவன் பிடித்து வைக்கவில்லை, கேம் பிடித்து வைத்திருக்கிறது. கவனக்குறைபாடு என்றால் கவனமே இல்லாமல் போவது என்று யார் சொன்னது? அதை நினைத்த இடத்துக்குத் திருப்ப முடியாமல் தவிப்பதுதான் அது. கேமை நிறுத்த முடியாததும் மருந்தைத் தொடங்க முடியாததும் ஒரே குறையின் இரண்டு பக்கம்.

இனி அந்தக் களிம்பைப் பாருங்கள். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு என்று பருவுக்கு எழுதித்தருகிற மருந்துகள் நல்ல மருந்துகள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவை வேலை செய்கிற விதம் என்ன? முதல் சில வாரம் தோல் காயும், உரியும், எரியும். சிலருக்குப் பரு கூடினாற்போலவும் தெரியும். பலன் கண்ணுக்குத் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பருவின் மேல் மட்டும் வைத்தால் போதாது, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பரப்ப வேண்டும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இடையில் மாய்ஸ்சரைசர், வெளியே போக சன்ஸ்கிரீன். தண்டனை முதல் வாரத்திலும் பரிசு மூன்றாம் மாதத்திலும் வருகிற வைத்தியம் இது. இன்றைக்குக் கிடைக்காத எதுவும் கணக்கிலேயே ஏறாத மூளைக்கு, இதைவிடக் கடினமான வேலையைத் தேடினாலும் கிடைக்காது.

வளர்ந்தவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்தை எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் அறிக்கை கொடுத்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எழுதி வாங்கிவிட்டு ஊருக்குப் போகும்போது மறந்து வைத்துவிட்டுப் போகிற பெரியவர்கள் எந்த வீட்டில் இல்லை? அவர்களிடம் யாரும் "உயிர் மேல அக்கறை இல்லையா" என்று கேட்பதில்லை. பதினாறு வயதுப் பையனிடம் மட்டும் கேட்கலாம், ஏனென்றால் அவனால் திருப்பிக் கேட்க முடியாது.

இதைவிட எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. திட்டு வாங்கிய பையன் அடுத்து எங்கே போகிறான்? தெருமுனை மருந்துக்கடைக்கு. "பருவுக்கு ஏதாவது கொடுங்கண்ணே" என்றால் ஸ்டீராய்டு கலந்த கிரீம் கைக்கு வருகிறது. தடவிய சில நாளிலேயே சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்றாகும். உடனே பலன் கேட்கும் மூளைக்கு உடனே பலன்! பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, நிறுத்தினால் பரு இரண்டு மடங்காகத் திரும்பும். முகத்தில் இப்படி ஸ்டீராய்டு செய்கிற நாசத்துக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். இந்த வகைக் கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆணை ஆணையாக இருக்கிறது, கிரீம் கடையில் இருக்கிறது. முகக்கவசத்துக்குள் ஒளிந்து திரிகிற பையனிடம் மெதுவாக வேலை செய்யும் மருந்தைக் கொடுத்து, தடவத் தவறினால் அவமானப்படுத்தி, வேகமாகக் கெடுக்கும் மருந்தை எட்டும் தூரத்தில் வைத்திருப்பது யார்? அவனா?

இதற்கு நடுவே அறிவுரை வேறு. வடை சாப்பிடாதே, சூட்டு உடம்பு, வாரத்துக்கு இரண்டு தரம் எண்ணெய் தேய், கல்யாணம் ஆனால் போய்விடும், முகத்தை ஒழுங்காகக் கழுவு. பரு அழுக்கினால் வருவதில்லை. பருவ வயதில் ஹார்மோன் ஏறி, எண்ணெய்ச் சுரப்பி பெருகி, மயிர்க்கால் அடைபட்டு வருவது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தோல் இன்னும் புண்ணாகும், அவ்வளவுதான். கவனக்குறைபாடு உள்ள பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். ஓடாமல் ஆடாமல் சும்மா கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருப்பதால் பல பேருக்கு அந்தக் குறை இருப்பதே தெரிவதில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு முகத்தப் பாத்துக்கத் தெரியல" என்ற பேச்சு மட்டும் தவறாமல் கிடைக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைகளைப் பட்டியல் போட்டது. அதில் கவனக்குறைபாட்டுக்கு இடமில்லை. சட்டமே கண்டுகொள்ளாததைப் பெரியப்பா எப்படிக் கண்டுகொள்வார்?

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஒரே களிம்பு கிடைக்கிறது, ராத்திரி ஒரு தடவை தடவினால் போதும். குளிக்கும்போதே போட்டுக் கழுவுகிற பென்சாயில் பெராக்சைடு வாஷ் இருக்கிறது, அதைச் சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை. அலாரம் வை என்று சொல்லிவிட்டுக் கைகழுவ வேண்டாம், அலாரத்தை அணைத்த அடுத்த நொடியே மனம் வேறு பக்கம் போய்விடும். அக்காவோ மாமாவோ தாங்கள் பல் தேய்க்கும்போது அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் வேலை முடிந்தது. கவனக்குறைபாட்டுக்கு நடக்கும் சிகிச்சையும் தோல் சிகிச்சையும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டு நடக்கட்டும். நான்கு பொருள் எழுதுகிற மருத்துவர் "தம்பி, இதுல உனக்கு எது தினமும் முடியும்?" என்று அவனையே கேட்டுவிட்டு, முடியாத மூன்றைச் சீட்டிலிருந்து அடித்துவிடட்டும்.