பிடி அரிசியும் பெருநிறுவனப் பணமும்

விருதுநகர் சத்திரிய வித்தியாசாலாவுக்குப் பிடி அரிசிப் பள்ளி என்றும் ஒரு பெயர் உண்டு. உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண்கள் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போகும். வியாபாரிகள் தங்கள் சரக்கின் மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமைப் பணமும் கல்விக்குப் போயிற்று. கட்டணம் கேட்காத அந்தப் பள்ளியில்தான் தந்தையை இழந்த காமராஜர் படித்தார். சில ஆண்டுகளிலேயே படிப்பு நின்றுபோய், மாமாவின் கடைக்கு வேலைக்குப் போனார். பள்ளியின் கதவைத் திறந்துவிடுவது ஒரு வேலை; உள்ளே வந்த பிள்ளையைக் கடைசி வகுப்பு வரை தக்கவைப்பது இன்னொரு வேலை. ஊர் கூடிச் செய்த கொடை முதல் வேலையைச் செய்து முடித்திருந்தது. இரண்டாவதைச் செய்ய ஆளில்லை.

1950-களில் முதலமைச்சரான பிறகு அவர் கையில் எடுத்தது அந்த இரண்டாவது வேலையைத்தான். மதிய உணவுத் திட்டம் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது அரசின் கருவூலம் அதற்குத் திறந்திருக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களும் விவசாயிகளும் கொடுத்த தானியமும் காய்கறியும்தான் முதல் அடுப்பை எரித்தன. அடுத்த ஆண்டு அரசு மானியம் வந்தபோதும், ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் 10 பைசாவில் 6 பைசாவை அரசும் 4 பைசாவை உள்ளூரும் ஏற்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பெஞ்சு, கரும்பலகை, நிலம், கிணறு, சுற்றுச்சுவர் என்று பள்ளிக்கு வேண்டியதை அந்தந்த ஊர்க்காரர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது அந்தச் சுமை அரசின் தோளுக்கு முழுமையாக மாறியது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கு யாரும் பிடி அரிசி எடுத்து வைக்கத் தேவை இருக்கவில்லை. அது பிள்ளைகளின் உரிமையாகவே வந்தது. சமைக்கிறவர்கள் மட்டும் அந்தந்த ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்.

இந்த வரலாற்றை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொடை எப்போது பயன்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம்மிடம் இல்லை. அரசு தயங்கிய இடத்தில் கொடையாளர்கள் முதலில் இறங்கினார்கள், அந்த வேலை செய்யக்கூடியதுதான் என்று காட்டினார்கள், ஊரைப் பொறுப்பாளியாக்கினார்கள், பிறகு அரசு அதைச் சட்டமாகவும் திட்டமாகவும் எடுத்துக்கொண்டது. அரசு எடுத்துக்கொண்ட இடத்திலேயே கொடையும் நின்றுகொண்டிருக்கக் கூடாது. அரசின் கை இன்னும் எட்டாத இடத்துக்கு அது நகர்ந்திருக்க வேண்டும். இன்று நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை.

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135-ஆவது பிரிவின் வழியாக, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகரச் சொத்துமதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பெரிய பங்கு கல்விக்குப் போகிறது என்பதில் மகிழ்ச்சிதான். கல்விக்குள் எதற்குப் போகிறது என்று பார்த்தால் வகுப்பறைக் கட்டடம், கழிப்பறை, கணினி, தொடுதிரைப் பலகை. இவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கழிப்பறை இல்லாத பள்ளியில் பருவமடைந்த பெண்பிள்ளை எப்படிப் படிப்பாள்? ஆனால் இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. கட்டி முடித்த அன்றே திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம், ஆண்டறிக்கையில் படம் போடலாம். படம் பிடிக்க முடியாத செலவுகளுக்குக் கொடையாளர் கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டில் இன்றைய இளைஞர்களின் பின்னடைவு படம் பிடிக்க முடியாத இடங்களில்தான் இருக்கிறது. 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 முதல் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் பாதிக்கு மேற்பட்ட இளைஞர்கள் கல்லூரிக்கு வெளியே நிற்கிறார்கள் என்றால், நிற்பவர்கள் யார், எந்த இடத்தில் நின்றார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டோம்.

இருளர் பழங்குடியினரின் குடியிருப்புகளை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பையனுக்கு உதவித்தொகை இருக்கிறது, விடுதி இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதைக் கொடுக்க வேண்டியவர் கோட்டாட்சியர். தந்தையிடம் சான்றிதழ் இருந்தால் மகனுக்கு எளிது. தந்தை செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்தவர் என்றால் அவரிடம் எந்தத் தாளும் இருக்காது. விசாரணை, அறிக்கை, மீண்டும் விசாரணை என்று மாதங்கள் ஓடும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். இந்தத் தடையை நீக்கக் கோடிகள் வேண்டியதில்லை. விண்ணப்பத்தை எழுதித் தந்து, அலுவலகத்துக்குக் கூடவே போய், அடுத்த வாரமும் மறக்காமல் போகிற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்க முன்வரும் நிறுவனங்களைத்தான் காண முடிவதில்லை.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வலுவான சான்று நம் மாநிலத்திலேயே கிடைத்திருக்கிறது. கரோனாவால் பள்ளிகள் ஒன்றரை ஆண்டு மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் மாலை வகுப்பு எடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரும்பாலோர் அந்தந்தத் தெருவிலேயே இருக்கும் படித்த பெண்கள். பொருளியலாளர்கள் அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் கற்றல் இழப்பு பெரிதாக இருந்தது. மொழிப் பாடத்தைவிடக் கணிதத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. பள்ளி திறந்த ஆறே மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் முடிவு. இழந்தவர்களில் ஏழைப் பிள்ளைகளே அதிகம். மீள்வதில் முந்தியவர்களும் அவர்களே. எந்தத் தொடுதிரைப் பலகைக்கும் இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்ததாக நான் படித்ததில்லை. அரசின் பணம், ஊரின் ஆள், ஊரின் இடம் என மூன்றும் சேர்ந்ததால் இது நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால் பிள்ளை வராமல் இருக்க முடியாது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவளே வீட்டுக்குப் போய்க் கேட்பாள்.

தனியார் கொடையிலும் இதே நெறியில் வளர்ந்தவை உண்டு. நடிகர் சூர்யா 2006-இல் நிறுவிய அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. பலரும் அதைக் கல்விக் கட்டணம் கட்டும் திட்டம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அது அதோடு நிற்பதில்லை. விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் நேரில் போய் நிலைமையைப் பார்க்கிறார்கள்; கல்லூரிகள் சில இடங்களைக் கட்டணமின்றி ஒதுக்குகின்றன; சேர்ந்த பிறகு வழிகாட்டி ஒருவர் தொடர்ந்து பேசுகிறார். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளுக்கு முதல் பருவத்தில் சில பாடங்களில் தோல்வி வந்தால், அது நடப்பதுதான், மறுபடி எழுதலாம் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள்!

ஊரை நம்புங்கள் என்று எழுதும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. நம் நாட்டில் ஊர் என்பதற்குள் சாதி இருக்கிறது. மகமை ஒரு வணிகச் சமூகம் தன் உழைப்பால் தன்னைத் தூக்கி நிறுத்திக்கொண்ட வழி. அதன் மேன்மையை நான் குறைக்க மாட்டேன். சரக்கும் பேட்டையும் இல்லாத சமூகங்கள் எதிலிருந்து மகமை எடுக்கும்? சொந்த நிலமே இல்லாத சேரியில் எந்த உலையிலிருந்து பிடி அரிசி மிஞ்சும்? கொடையை ஊர்களிடம் மட்டும் விட்டால் வசதியான ஊரின் பள்ளி செழிக்கும், வறண்ட ஊரின் பள்ளி காயும். விருதுநகருக்கு அருகிலுள்ள சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பல தலைமுறை ஏழைப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதியில் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. ஈகையால் தொட முடியாத இடம் ஒன்று உண்டு. அங்கே சட்டம்தான் போக வேண்டியிருந்தது.

இன்றைய பெருநிறுவனப் பணத்திலும் இதே கோணல் தெரிகிறது. தான் இயங்கும் பகுதிக்கு நிறுவனம் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இது கட்டாயமில்லை, வழிகாட்டுதலே என்று மத்திய அரசு விளக்கியிருந்தும், ஆலை வாசலுக்குப் பக்கத்துப் பள்ளியே முதலில் கண்ணில் படுகிறது. ஆலைகள் திருப்பெரும்புதூரிலும் ஓசூரிலும் கோவையிலும் இருக்கின்றன. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் ஆலை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையேனும் ஆலை இல்லாத ஒன்றியங்களுக்கென்று பிரித்து வைக்க வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி அறக்கட்டளை போன்ற பொது அமைப்பு இதற்குக் கைவசமே இருக்கிறது. கொடையாளர் விரும்பிய பள்ளிக்குப் பணம் சேர்க்கும் வழியாக மட்டும் அது இருக்கக் கூடாது. யாரும் விரும்பாத பள்ளிகளின் பட்டியலும் அதன் மேசையில் இருக்க வேண்டும்.

காலக்கெடுவையும் பார்க்க வேண்டும். விதிகளின்படி ஒரு தொடர் திட்டத்துக்கான காலம், தொடங்கிய ஆண்டு நீங்கலாக, மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் கையைப் பிடித்த பெண் பட்டம் வாங்க ஏழு ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டாம் வகுப்போடு திட்டம் முடிந்து, வழிகாட்டியும் போய்விட்டால், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் சரியான நேரத்தில் அவள் தனியாக நிற்பாள். நிறுவனங்கள் புதுப்பித்துக்கொள்ளத் தடை இல்லை. ஏழு ஆண்டுக்கு வாக்குக் கொடுத்து, அதை ஆண்டறிக்கையில் எழுதிவைக்கும் துணிவு வேண்டும்.

எதற்குச் செலவிடுவது என்ற முடிவு சென்னைத் தலைமை அலுவலகத்தில் நடப்பதையும் மாற்ற வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் இருக்கவும் வேண்டும் என்கிறது. 2022-இல் தமிழகம் முழுவதும் இக்குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டன. ஒரு நிறுவனம் ஐந்து லட்சம் ரூபாயோடு வரும்போது அந்தக் குழு கூடி, எங்களுக்கு இன்னொரு கணினி வேண்டாம், மலைக்கு மேலிருந்து வரும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு வண்டி வேண்டும், சான்றிதழுக்கு அலைய ஓர் ஆள் வேண்டும் என்று தீர்மானம் போட முடிய வேண்டும். அந்தத் தீர்மானம் இல்லாமல் எந்தப் பெருநிறுவனப் பணமும் அரசுப் பள்ளிக்குள் வரக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை ஓர் அரசாணை பிறப்பிக்கலாம்; இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.