பொழுதுபோக்குப் படங்களின் மனசாட்சி

ஒரு தேசம் மேடையேறி நின்று தன்னைப் பற்றிப் பேசும் பெருமைகளில் அதன் அந்தரங்கம் வெளிப்படுவது அபூர்வம். உழைத்துக் களைத்த ஜனங்கள் மாலை வேளையில் கொட்டகையில் அமர்ந்து, இரண்டு மணி நேரம் கவலையை மறப்பதற்காகப் பார்க்கும் கதைகளில் அது தன்னையறியாமலே வெளிப்பட்டுவிடுகிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945 தொடங்கி ஏறத்தாழ 1960 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட படங்களைத் திரும்பிப் பார்ப்பவர்களுக்கு இது தெளிவாக விளங்கும். துப்பறியும் கதை, கௌபாய் கதை, ராட்சத ஜந்துக்களின் கதை, குடும்பக் கண்ணீர்க் கதை என்று அறிஞர்கள் ஒதுக்கித் தள்ளிய படங்களே அக்காலத்து அமெரிக்காவின் பயத்தையும் குற்ற உணர்வையும் மெய்யாகப் பதிவு செய்துள்ளன என்பதும், பரிசும் பாராட்டும் பெற்ற பிரம்மாண்டங்களில் பல அந்தக் கடமையிலிருந்து விலகி நின்றன என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

அக்காலத்துச் சூழ்நிலையை முதலில் நினைவுகூர வேண்டும். அமெரிக்க ஜனங்கள் கொட்டகைகளை மிக அதிகமாக நிரப்பிய ஆண்டு 1946. அதன் பிறகு எல்லாம் இறங்குமுகம். படம் எடுக்கும் ஸ்தாபனங்களே கொட்டகைகளையும் சொந்தமாக வைத்துக்கொண்டு வியாபாரம் முழுவதையும் தம் கைக்குள் அடக்கியிருந்த ஏகபோகத்தை, 1948 மே மாதத்தில் பாரமவுண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்பளிக்க, அவை தம் கொட்டகைகளைப் பிரித்துவிட நேர்ந்தது. அதே சமயத்தில் வீடுகளுக்குள் நுழைந்த டெலிவிஷன், 1950களின் முடிவில் பத்து வீடுகளில் கிட்டத்தட்ட ஒன்பதில் இடம் பிடித்துவிட்டது. வருமானம் குன்றிய இந்த வேளையில் அரசாங்கத்தின் சந்தேகமும் வந்து சேர்ந்தது. 1947 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவொன்று ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடப் புகுந்தது. அதன் கேள்விகளுக்குப் பதிலளிக்க மறுத்த பத்துப் பேர் பின்னர் சிறை சென்றனர். விசாரணை நடந்த மறுமாதமே ஸ்டூடியோ அதிபர்கள் நியூயார்க்கில் கூடி, அந்தப் பத்துப் பேருக்கும் இனி வேலையில்லை என்று பிரகடனம் செய்தனர். சினிமா என்பது வெறும் வியாபாரம், பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று 1915-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்த தீர்ப்பு 1952 வரை மாறவில்லை என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், நினைத்ததை நேராகச் சொல்லத் துணிந்த ஒரு கலைஞன் எவ்வளவு அபாயத்தில் நின்றான் என்பது புரியும்.

நேராகச் சொல்ல இயலாதபோது, ஜனங்களுக்குப் பழக்கமான கதை மரபே கலைஞனுக்குக் கவசமாயிற்று. பெரிய நடிகர்களும் பெரும் பணமும் இல்லாத துப்பறியும் படங்களை அதிபர்கள் அவ்வளவாக உற்றுப் பார்ப்பதில்லை. அந்தக் கவனக்குறைவைப் பயன்படுத்திக்கொண்டுதான், ஹிட்லரின் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த பில்லி வைல்டர், ஃப்ரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் போன்ற டைரக்டர்களும் அவர்களைப் பின்பற்றியவர்களும், பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி முகம் நிழலிலும் நிற்கும் மனிதர்களைத் திரையில் உலவவிட்டனர். ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ (1947) படத்தில் சிற்றூர் ஒன்றில் பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டு அமைதியாக வாழ நினைக்கும் ஒருவனை அவனுடைய பழைய வாழ்க்கை தேடி வந்து அழிக்கிறது. யுத்தத்தில் செய்ததையும் கண்டதையும் மறந்துவிட்டுப் புது வாழ்வு தொடங்க நினைத்த ஒரு தலைமுறைக்கு இக்கதையின் உட்பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த ‘கிராஸ்ஃபயர்’, யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதரைக் கொல்லும் அமெரிக்கச் சிப்பாயைக் காட்டியது. நாஜிகளை வென்று திரும்பிய படைக்குள்ளேயே அந்த விஷம் இருந்தது என்பதைக் கொலை விசாரணைக் கதை ஒன்றின் போர்வையில் சொன்னது. அதன் டைரக்டர் எட்வர்ட் டிமிட்ரிக்கும் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஸ்காட்டும் அந்தப் பத்துப் பேரில் இருவர். இப்படங்களில் ஒரு தனித்த தன்மை உண்டு என்பதை முதலில் உணர்ந்து 1946-ல் எழுதியவர்கள் அமெரிக்கப் பண்டிதர்கள் அல்லர், யுத்தத்தால் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்த அமெரிக்கப் படங்களை ஒரே மூச்சில் பார்க்க நேர்ந்த பாரிஸ் விமர்சகர்களே என்பதும் இங்கே கருதத் தக்கது.

கௌபாய் படங்களுக்குள் இந்த உத்தி உச்சத்தை எட்டியது ‘ஹை நூன்’ (1952) படத்தில். விவாகம் முடிந்து, பதவியையும் துறந்து ஊரை விட்டுப் புறப்படும் காவல் அதிகாரி வில் கேன், தான் சிறைக்கு அனுப்பிய கொடியவன் ஒருவன் விடுதலையாகி நண்பகல் ரயிலில் வருகிறான் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வருகிறான். துணைக்கு ஆள் தேடி அவன் தேவாலயத்துக்குள் நுழையும் காட்சியை நான் உலக சினிமாவின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்றாகக் கருதுகிறேன். வழிபாடு நின்றுவிடுகிறது; முதலில் சிலர் எழுகிறார்கள்; உடனே ஒருவர் ஆட்சேபிக்கிறார், இன்னொருவர் சம்பளம் வாங்கும் காவலர்கள் எதற்கு என்கிறார்; பாதிரியாரோ, கொல்லாதே என்ற கட்டளைக்கும் இந்த அழைப்புக்கும் நடுவே வழி தெரியாமல் தவிக்கிறார்; இறுதியில் கேனின் நண்பரான பெரிய மனிதர் எழுந்து, அவனை வாயார வாழ்த்தி, அவனுக்கு ஊர் பட்டிருக்கும் கடனையெல்லாம் எடுத்துரைத்து, சபை முழுவதும் இவர் உதவப்போகிறார் என்று நம்பும் கணத்தில், ஊரின் நன்மைக்காக நீ போய்விடுவதே மேல் என்று முடிக்கிறார். நல்லவர்கள் நிறைந்த ஓர் ஊர், ஒருவர் மீதும் பழி விழாதபடி, நியாயமான காரணங்களை அடுக்கிக்கொண்டே ஒரு மனிதனைக் கைவிடும் விதத்தை இதைவிடத் துல்லியமாக யார் காட்டினார்கள்? இதை எழுதிய கார்ல் ஃபோர்மன், படம் தயாராகிக்கொண்டிருந்த வேளையிலேயே விசாரணைக் குழுவின் அழைப்பாணை பெற்று, நண்பர்கள் ஒவ்வொருவராக விலகுவதைத் தம் சொந்த அனுபவத்தில் கண்டு, பின்னர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதோ, செசில் பி. டெமில் எடுத்த சர்க்கஸ் படமான ‘தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்’துக்குச் சென்றது.

கௌபாய் மரபின் குற்றத்தை மறைப்பது நேர்மையாகாது. அந்த மண்ணின் பூர்வகுடிகளைக் கொடியவர்களாகவும் அம்பெய்யும் கூட்டமாகவுமே அது நெடுங்காலம் சித்தரித்தது. அந்த அவமதிப்புக்குச் சமாதானம் கிடையாது. ஆயினும் அதற்கான முதல் வருத்தமும் அந்த மரபுக்குள்ளிருந்தே எழுந்தது. 1950-ல் வெளியான ‘புரோக்கன் ஏரோ’ அப்பாச்சி மக்களை மதிப்புடன் காட்டியது. அதன் வசனகர்த்தா ஆல்பர்ட் மால்ட்ஸ் சிறை சென்ற பத்துப் பேரில் ஒருவராதலால், வேறொருவர் பெயரில்தான் அப்படம் வெளிவர முடிந்தது. ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956), இனத்துவேஷம் ஒரு வீரனின் நெஞ்சை எப்படி அரித்துத் தின்கிறது என்பதை, அக்காலத்து ஜனங்கள் பெரிதும் கொண்டாடிய ஜான் வெயினையே அந்தப் பாத்திரத்தில் நிறுத்திக் காட்டியது. பூர்வகுடிகளின் துயரத்தை முழுமையாக உணர்ந்த படம் அது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளையரின் உள்ளத்தில் இருந்த நோயை அது மறைக்கவில்லை. அதற்கு ஓர் ஆஸ்கார் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை; அந்த ஆண்டின் சிறந்த படமாக முடிசூட்டப்பட்டது ‘அரவுண்ட் தி வேர்ல்ட் இன் 80 டேஸ்’.

அணுகுண்டைப் பற்றிய பீதியை ‘தெம்!’ (1954) படம், முதல் அணு வெடிப்புச் சோதனை நடந்த நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பூதாகாரமாக வளர்ந்த எறும்புகளைக் கொண்டு காட்டியது. குடும்பக் கதைகளோ இன்னும் நுட்பமானவை. டக்ளஸ் சர்க்கின் ‘ஆல் தட் ஹெவன் அலோஸ்’ (1955) படத்தில், தோட்ட வேலை செய்யும் ஓர் இளைஞனை விரும்பிய விதவைத் தாய், வளர்ந்த பிள்ளைகளின் கௌரவத்துக்காக அந்த அன்பைத் துறக்கிறாள். கிறிஸ்துமஸ் நாளில் பிள்ளைகள் அவளுக்கு ஒரு டெலிவிஷன் பெட்டியைப் பரிசாகத் தருகிறார்கள். இதில் வாழ்க்கை முழுவதும் அணிவகுத்து வரும் என்று விற்பனையாளர் புகழ்ந்துகொண்டிருக்க, அணைந்து கிடக்கும் அந்தக் கண்ணாடியில் தெரிவது தனித்து அமர்ந்திருக்கும் அவளுடைய முகம். புது வீடும் புதுக் காரும் புதுப் பண்டங்களும் ஆனந்தத்தைக் கொண்டுவரும் என்று தேசமே நம்பிய காலத்தில், பெண்கள் கண்ணீர் விடுவதற்கான படம் என்று பரிகசிக்கப்பட்ட ஒன்று, அந்த நம்பிக்கையை இப்படிக் கேள்வி கேட்டது.

பிரம்மாண்டப் படங்களின் கதை வேறு. டெலிவிஷனிடம் இழந்த ஜனங்களை மீட்பதற்காக அகலத் திரையும் ஸ்டீரியோ ஒலியும் கொண்டு வந்தார்கள். 1953-ல் ‘தி ரோப்’ படத்துடன் சினிமாஸ்கோப் பிறந்தது. ‘பென்-ஹர்’ (1959) பதினொரு ஆஸ்கார் விருதுகளைக் குவித்தது. அவற்றின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரோமாபுரியின் வீதிகளில் திரிந்த அந்தப் படங்களில் நியூயார்க்கின் வீதிகள் பெரும்பாலும் தென்படவில்லை என்பதே என் குறை. இதற்கு மறுப்பாக ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தை எவரேனும் எடுத்துக்காட்டலாம். ராணுவப் பயிற்சியில் இரு கைகளையும் இழந்த ஹெரால்ட் ரஸ்ஸலையே நடிக்கவைத்து, யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் துயரை நேருக்கு நேராகச் சொல்லி, சிறந்த படத்துக்கான விருதையும் பெற்ற உத்தமமான படம் அது. ஆனால் அது 1946-ல், விசாரணைக்கு ஓராண்டு முன்னதாக வந்தது. பயம் குடிபுகுந்த பின்னர் அந்த நேர்மொழி அரிதாயிற்று. சொல்ல வேண்டியவற்றைக் கௌபாய்களும் துப்பறிவாளர்களும் ஏற்றுக்கொண்டனர்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1989-ல் தேசத்தின் பொக்கிஷங்களாகப் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த முதல் 25 படங்களில் ‘ஹை நூன்’ இருந்தது, ‘தி சர்ச்சர்ஸ்’ இருந்தது. அவற்றின் ஆண்டுகளில் விருது வென்ற அந்த இரு பிரம்மாண்டங்களும் இல்லை. அந்த நீதி கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, அதற்குள் அவற்றை உருவாக்கியவர்களில் பலர் மறைந்துவிட்டார்கள் என்பதை எண்ணினால், விமர்சனம் என்ற பொறுப்பை வகிப்பவர்கள் தம் அளவுகோலைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுக்கிறது. கதையின் இனத்தைக் கண்டவுடனே அதன் தரத்தைத் தீர்மானிப்பது சோம்பேறித்தனம். சாமானிய ஜனங்கள் விரும்பிப் பார்க்கும் வடிவத்துக்குள் ஒரு கலைஞன் எவ்வளவு மெய்யைக் கொண்டுசேர்த்தான், அதற்கு அவன் என்ன விலை கொடுத்தான் என்று விசாரிப்பதே விமர்சகனின் தர்மம். அந்த விசாரணையை அந்தந்தக் காலத்திலேயே, படைத்தவர்கள் உயிருடன் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.