கணையாழிக் கல்

விவாக நிச்சயத்திற்கு வைரக் கணையாழி அணிவித்தல் நம் நாட்டு வழக்கமன்று என்று முதியோர் கூறுவர். அன்னார் கூற்று ஒருவகையில் மெய்யே. தாம்பூலம் மாற்றுதலே நம்மவர் நிச்சயம். கிறிஸ்தவர் இல்லங்களில் மோதிரம் மாற்றுதலும் உடன் நிகழ்ந்து வந்தது. அம்மோதிரமும் பெரும்பாலும் கல் பதியாத பொன் வளையமே. இன்றோ சமய வேறுபாடின்றி மோதிரம் வந்துவிட்டது. மோதிரத்தின்மேல் வைரமும் ஏறி அமர்ந்துவிட்டது. இதனை ஏசிப் பயனில்லை. வாசலுக்கு வந்துவிட்ட விருந்தோடு வழக்காடுவது அழகன்று. ஆயின் எத்தனை படி அரிசி உலையிடுவது என்பதை வீட்டார் எண்ணித்தானே ஆகவேண்டும்! அக்கணக்கையே ஈண்டு எண்ணப் புகுந்தோம்.

சென்ற கோடையில், நம் கல்லூரியிற் பயின்று இப்பொழுது சென்னையில் சிறு உத்தியோகம் பார்த்துவரும் இளைஞர் ஒருவர் எம்மைக் காண வந்தார். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்று அவரது ஊர். தந்தையார் இன்றும் வலை போடுகின்றவர். நிச்சயத்திற்கு நாள் குறித்தாகிவிட்டது. கையிற் சேர்த்து வைத்திருந்தது 60,000 ரூபாய். கடைக்காரர் காட்டிய மோதிரமோ அதற்கு இருமடங்கு விலை. "மீதிக்கு அப்பா இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தருகிறேன் என்கிறார், ஐயா, சம்மதிக்கலாமா?" என்று அவர் வினவினார். கேட்டது வைரத்தைப் பற்றி. யாம் அஞ்சியது வலையைப் பற்றி.

முன்பணம் என்பது இன்னதென்று பட்டணத்து வாசகர் அறியார். அதனைப் பெற்றவர் தாம் பிடிக்கும் இறாலையும் நண்டையும் அவ்வியாபாரிக்கே கொடுத்தல் வேண்டும். பிறர்க்கு விற்றல் ஆகாது. அவர் இட்டதே விலை. வட்டி என்ற சொல் வழங்காமலே வட்டி வாங்கும் முறை இது. கடன் தீரும் நாளோ எவர்க்கும் தெரியாது. ஏரியில் நினைத்தபோதெல்லாம் வலை கட்டவும் இயலாது. 'பாடு' என்னும் பழைய ஏற்பாட்டின்படி, இன்ன இடம் இன்ன நாளில் இன்னார்க்கு என்று முறை வைத்தே மீன்பிடிப்பர். முறை வாராத நாளில் இறால் வரவும் இல்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்ட காலத்திலோ கடல்நீர் உள்ளே ஏறாது, இறாற்குஞ்சும் வாராது, முறை வந்தும் வலை வெறுமையாய் எழும். இத்தகைய வருவாயின்மேல் ஒரு கல்லின் பாரத்தை ஏற்றலாமா என்பதே வினா. அக்கல்லின் எடையோ ஒரு கடுகுப் பாரமும் இராது.

இவ்வினா பழவேற்காட்டிலிருந்து எழுந்தது ஒரு வியப்பே. ஏனெனில், கல் வாங்கும் வாணிபத்திற்கு அவ்வூர் ஒரு காலத்திற் பெயர் பெற்றிருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்த்துகேசியராகிய துவார்த்தே பர்போசா, பெகு நாட்டு மாணிக்கங்கள் அவ்வூரில் மிகுதியாய் வந்திறங்கின எனவும், தேர்ந்து வாங்கத் தெரிந்தவர்க்கு அவை மலிவாயிருந்தன எனவும் கூறுகின்றார். 'தெரிந்தவர்க்கு' என்னும் நிபந்தனையை அன்றே அவர் இட்டுவைத்தது நோக்கத்தக்கது. பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. துணியே அவர்களது முதற் சரக்கு. எனினும் கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்களில் எடுத்த வைரமும் அக்கரை வாணிபத்தில் இருந்தது. 1652-இல் இவ்வழியே சென்ற பிரெஞ்சு வைர வணிகர் தவெர்னியே பழவேற்காட்டைப் பற்றிக் குறித்து வைத்தது வைரமன்று. கடல் வற்றும் வேளையில் மணலைத் தோண்டி ஊரார் நன்னீர் எடுத்ததையே அவர் குறிக்கின்றார். இன்று அவ்வூரில் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது கல்லறைகளே. அவற்றின் வாயிலில் எலும்புருவங்கள் இரண்டு கல்லிற் செதுக்கப்பட்டு நிற்கின்றன. நிச்சயத்திற்கு நாள் குறித்தவர்க்கு அதனைக் காட்ட வேண்டுவதில்லை.

வைரம் வாங்கி வாழ்ந்தவரும் உளர் என்று வாசகர் கூறலாம். உளர். சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த தாமஸ் பிட் என்பார் 410 காரட் நிறையுள்ள கல்லை 1702-இல் ஜம்சந்த் என்னும் வணிகரிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார். லண்டனிற் பட்டை தீட்டுவித்தார். தீட்டியபின் அது 140 காரட்டுச் சில்லறையாய்க் குறைந்தது. 1717-இல் பிரான்சு தேசத்து அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். அவர் கொடுத்த விலையோ ஏறக்குறைய 20,400 பவுன். இக்கதையைக் கேட்டு நம் இளைஞர் மனம் மயங்கலாகாது. பிட் வாங்கியது வணிகரிடம். நாம் வாங்குவது கடையில். அவர் வாங்கியபொழுது உலகத்து வைரமெல்லாம் ஏறத்தாழ இந்தியாவிலிருந்தே சென்றது. 1720-களிற் பிரேசிலும் 1867-க்குப்பின் தென்னாப்பிரிக்காவும் அந்நிலையை மாற்றிவிட்டன. கணையாழி வாங்கும் ஒருவர் அதனை முதலீடென்று எண்ணுவராயின், கடை வாசலைத் தாண்டுமுன்னரே அம்முதலிற் பெரும்பங்கு கரைந்துவிடும்.

இனிக் கல்லைத் தேரும் வகையைப் பார்ப்போம். இக்காலத்தார் நிறை, பட்டை, நிறம், தூய்மை என நான்கினைக் கூறுவர். நான்கென்ற எண் நமக்குப் புதிதன்று. மதுரை இரத்தினக் கடைத்தெருவைக் காட்டும் இளங்கோவடிகள் விந்து, ஏகை, களங்கம், காகபாதம் என வைரக் குற்றம் நான்கைக் கூறுகின்றார். அவையெல்லாம் தூய்மை என்னும் ஒன்றிலேயே அடங்கும். அக்காலத்தார் குற்றத்தை நுணுகி நோக்கினர். ஒளியைப் பிறப்பிக்கும் பட்டையோ இப்பொழுதுதான் கணித முறைக்கு உட்பட்டது.

சிறுமுதல் உடையவர் பணத்தை முதலிற் கொட்டவேண்டிய இடம் அப்பட்டையே என்பது எம் துணிபு. நன்கு பட்டையிட்ட சிறு கல், புகுந்த ஒளியை மேலே திருப்பி அனுப்பும். கோணம் பிழைத்த பெருங்கல் ஒளியை அடிவழியே ஒழுகவிட்டுக் கண்ணாடித் துண்டுபோல் விழிக்கும். அடுத்து நிறை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஒரு சவரன் பொன் 40 காரட் நிறையாகும். கடையில் அதனையே நூறு கூறாக்கிச் சென்ட் என்பர். (பொன்னின் காரட் மாற்றைக் குறிக்கும், கல்லின் காரட் நிறையைக் குறிக்கும்; இரண்டையும் குழப்பி வீட்டிற்குள் சண்டையிட்டவரை யாம் அறிவோம்.) உருண்டைப் பட்டையுடைய 100 சென்ட் கல்லின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர், 50 சென்ட் கல் சுமார் 5.1, 25 சென்ட் கல் சுமார் 4.1. நிறை பாதியாகக் குறைந்தும் பார்வைக்கு ஐந்திலொரு பங்கே குறைகின்றது என்பது இதனால் விளங்கும். விலையோ நிறையைக் காட்டிலும் வேகமாய் ஏறும். அன்றியும் 50, 100 என்னும் முழு எண்களில் தாவிக் குதிக்கும். ஆகவே 50 சென்ட் கேட்பவர் 46 அல்லது 47-ஐக் கேட்பாராக. வித்தியாசத்தைத் துலாக்கோல் அறியும், மாமியார் அறியார்.

நிறத்தை டி முதல் இசட் வரை எழுத்திட்டுத் தரம் பிரிப்பர். டி என்பது நிறமே இல்லாதது. எழுத்து இறங்க இறங்க மஞ்சள் ஏறும். மஞ்சட் பொன்னிற் பதிப்பதற்கு ஜே, கே என்னும் தரங்களே போதும். பொன்னே மஞ்சளாயிருக்க, கல்லில் ஒரு சாயல் மஞ்சளை யார் பிரித்தறிவார்? தூய்மையும் அவ்வாறே: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் மட்டும் தோன்றும் புள்ளிக்காகக் கூடுதல் விலை கொடுத்தல் வீண். வெறுங்கண்ணுக்குத் தூயதாயிருத்தல் போதும். எவரும் நிச்சயத்திற்குப் பூதக்கண்ணாடி கொணர்வதில்லை. ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற சோதனை நிலையங்களின் சான்றிதழ் இல்லாத கல்லை மட்டும் எவ்விலைக்கும் வாங்கற்க.

நம் பெண்டிர் நாவில் 'புளூ ஜாகர்' என்னும் பெயர் மந்திரம்போல் வழங்குகின்றது. அஃது ஜாகர்ஸ்பான்டீன் என்னும் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. அச்சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. இன்று அப்பெயரால் விற்கும் புதுக் கல்லெல்லாம் அங்குப் பிறந்தனவோ என்று கேட்டால் கடைக்காரர் காப்பி வரவழைப்பார். கல்லைத் தலையணைக்கடியில் வைத்துக் கனவு பார்த்து முடிவுசெய்யும் வழக்கமும் உண்டு. பணத்தைப் பற்றிய கவலையோடு படுத்தால் எந்தக் கல்லும் கெட்ட கனவே காட்டும்.

இவையெல்லாம் எந்த ஊரார்க்கும் பொருந்துவன. குப்பத்து வீட்டிற்கென்று தனியே சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அதற்காகவே இதனை எழுதத் துணிந்தோம். பட்டணத்தார்க்கு நகை அணிகலன். வலைக்காரர்க்கு அதுவே சேமிப்புச்சாலை. புயல் அடித்து வலை கிழிந்தால், எந்திரம் பழுதானால், பிள்ளைக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டவேண்டினால், அம்மையார் காதிலும் கழுத்திலும் இருப்பது அடகுக்குப் போகும். இறால் வரும் காலத்தில் திரும்ப வரும். அந்த இளைஞர் நம் கல்லூரியிற் சேர்ந்ததும் அவ்வாறே என்று அவரே கூறினார். இப்போக்குவரத்திற்குப் பொன் ஏற்றது, வைரம் ஏலாது. வங்கியார் அடகு நகையை நிறுக்கும்பொழுது கல்லின் நிறையைக் கழித்துப் பொன்னுக்கு மட்டுமே கடன் கொடுப்பர். லட்ச ரூபாய்க் கல்லாயினும் அத்தட்டில் அது தூசு. ஆதலின் 60,000 ரூபாயிற் பெரும்பங்கைப் பொன்னிலும் சிறுபங்கைக் கல்லிலும் இடுக என்றோம். முன்பணத்தைத் தொடவே வேண்டா என்றோம். சம்பளம் இத்தனை மாதத்தினதைக் கணையாழிக்குக் கொடுத்தல் முறை என்று இக்காலத்தில் ஒரு விதி உலவுகின்றதே எனின், அது திருச்சபை விதியுமன்று, சாத்திர விதியுமன்று. டி பியர்ஸ் என்னும் வைர வணிகக் குழாத்தார் விளம்பரத்தால் விதைத்தது. வைரம் என்றென்றும் நிலைப்பது என்னும் கருத்தையும் அவர்களுக்காக ஒரு விளம்பர நிலையமே 1947-இல் எழுதிக் கொடுத்தது.

ஆய்வுச்சாலையில் விளையும் வைரத்தையும் யாம் எடுத்துக் கூறினோம். 1954-இல் அமெரிக்காவில் முதன்முதல் உறுதியாய்ச் செய்துகாட்டப்பட்ட இக்கல், இன்று சூரத்து நகரில் மிகுதியாய் விளைகின்றது. 2023-இல் நம் பிரதமர் அமெரிக்கத் தலைவரின் துணைவியார்க்குப் பரிசளித்த 7.5 காரட் கல்லும் அத்தகையதே. கரியே இதற்கும் மூலம். கடினமும் ஒளியும் ஒன்றே. விலையோ மிகக் குறைவு. அக்குறைவு நின்றபாடும் இல்லை. டி பியர்ஸ் குழாத்தாரே 2018-இல் காரட்டுக்கு 800 டாலர் என்று இதனை விற்கத் தொடங்கி, 2025-இல் அக்கடையை மூடுவதாக அறிவித்தனர். விற்றால் ஒன்றும் தேறாது என்பது இதன் குறை. எந்தக் கல்லும் அடகுத்தட்டில் தேறாத வீட்டில் அது என்ன குறை? ஆய்வுக் கல்லென்று பெண்வீட்டாரிடம் வாய்திறந்து சொல்லிவிடுதல் மட்டும் வேண்டும்.

பதிக்கும் வகையும் முக்கியம். கல்லை நான்கு சிறு கால்கள் கவ்வி உயர்த்தி நிற்கும் மோதிரம் கடைக்கண்ணாடியில் அழகு. நைலான் வலையை அவிழ்ப்பவர் விரலிலோ ஒவ்வோர் இழையும் அக்காலிற் சிக்கும். இறால் உரித்தாலும் பனையோலை முடைந்தாலும் அதே தொல்லை. ஒரு கால் வளைந்தால் கல் ஏரிக்குள் போகும்; சல்லடை கொண்டு தேட அஃதென்ன குளமா? நாற்புறமும் பொன் விளிம்பு சூழத் தாழ்த்திப் பதித்தலே அங்கு ஏற்றது. கல் சற்றுப் பெரிதாய்த் தோன்றுவதும் அதனால் வரும் ஊதியம்.

இளைஞர் எம் சொல்லிற் பாதியைக் கேட்டார். ஆய்வுக் கல்லை அவர் ஏற்றார், மணப்பெண் ஏற்கவில்லை, மண்ணிற் பிறந்ததே வேண்டுமென்றாராம். ஆகவே 18 சென்ட் நிறையுள்ள இயற்கைக் கல் ஒன்றை, பட்டை நல்லதாய்ப் பார்த்து, விளிம்பு மூடிப் பதிப்பித்து வாங்கினார். தந்தையார் வியாபாரியிடம் போகவில்லை. நிச்சயத்தன்று கல் சிறிதென்று எவரும் கூறவில்லையாம். மோதிரம் விரலுக்குச் சற்றுத் தளர்வாயிருந்தது மட்டுமே குறை. பெண்ணின் பாட்டியார் அடிப்பக்கத்தில் நூல் சுற்றிக் கொடுத்தாராம்.