ஆறு மாதத்தில் எக்ஸ்ரே படிப்பா?



பிளஸ் டூ முடிவு வந்ததுமே தெருச் சுவர்களில் சுவரொட்டிகள் முளைத்துவிடுகின்றன. 'ஆறே மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன், வேலை உறுதி!' தாயின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டுகிறோம். சான்றிதழ் வருகிறது. வேலை?

எக்ஸ்ரே எடுப்பது பொத்தானை அமுக்கும் வேலை என்று எண்ணிவிட்டோம். நோயாளியை எந்தக் கோணத்தில் நிறுத்துவது, எத்தனை கிலோவோல்ட் வைப்பது, கதிர் விழும் பரப்பை எவ்வளவு சுருக்குவது, இவையெல்லாம் கல்வியல்லவா? படம் பிசகினால் மறுபடி எடுக்க வேண்டும். நோயாளியின் உடலில் மறுபடி கதிர்! கர்ப்பமா என்று முன்கூட்டியே கேட்கத் தெரியாதவன் கையில் இக்கருவியைக் கொடுக்கலாமா? கருவியை இயக்குபவருக்கும் வரம்பு உண்டு. ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. அதை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மார்பில் அணிந்துதான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும்.

மருத்துவத் துணைப் படிப்புகளுக்காக மத்திய அரசு 2021ல் கொண்டுவந்த சட்டம், டெக்னீஷியன் தகுதிக்கே குறைந்தது இரண்டாண்டு, 2000 மணி நேரம் என்கிறது. ஆறு மாதம் எந்தக் கணக்கில் சேர்த்தி?

பெற்றோர்களே! பணம் கட்டுமுன், எந்தப் பல்கலைக்கழக இணைப்பு, எந்த மருத்துவமனையில் பயிற்சி என்று கேளுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்த பெண்மக்களையும் அனுப்புங்கள். மார்பகப் படம் எடுக்கப் போய், ஆண் நிற்கிறார் என்று திரும்பி வந்துவிடும் தாய்மார்கள் நம் வீடுகளில் இல்லையா? மகளை மட்டும் அனுப்ப மாட்டோம் என்றால், அந்த அறையில் நிற்க ஒரு பெண் எங்கிருந்து வருவாள்?