விளக்கு அணைந்தால் போதுமா?

மில்லில் பானல் முன் நிற்கும் தொழிலாளிக்கும், மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் தொடும் விவசாயத் தொழிலாளிக்கும் வழிகாட்டுபவை சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல விளக்குகள். அவை சொல்வதெல்லாம் உண்மைதானா? இது உயிர்ப் பிரச்னை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணி. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று திரும்ப மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. ஆனால் பானலில் அந்த வால்வுக்குரிய விளக்கு அணைந்துவிட்டது! வால்வு மூடிவிட்டது என்றே சிப்பந்திகள் எண்ணினார்கள்.

இது எப்படி நேர்ந்தது? அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை; வால்வைத் திறக்கும் மின்சாரம் நின்றுவிட்டது என்பதை மட்டுமே காட்டியது. உத்தரவு போனது அதற்குத் தெரியும். காரியம் நடந்ததா என்பது தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீர் போயிற்று. உலையின் மையப்பகுதியில் சுமார் பாதி உருகிப்போயிற்று.

பழி யார் தலையில்? முதலில் சிப்பந்திகள் தலையில்தான்! ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த கெமெனி கமிஷன் அவர்களுடைய தவறுகளைச் சொன்னது. அத்தோடு குறைபாடான பயிற்சியையும், தெளிவற்ற விதிமுறைகளையும், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பையும் சேர்த்தே கண்டித்தது. 1977-லேயே ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே மாதிரி வால்வு சிக்கியிருந்தது. அந்தப் பாடம் இந்தச் சிப்பந்திகளுக்கு எட்டவே இல்லை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. விளக்கு எரியவில்லை என்றால் மின்சாரம் இல்லை என்று பொருளல்ல. விளக்கே கெட்டிருக்கலாம், ஒயர் விட்டிருக்கலாம். மெயினை நிறுத்தி, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டி, மூன்று பேஸையும் சோதித்துப் பார்க்காமல் யாரும் கை வைக்கக்கூடாது.

நிர்வாகத்திடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று. விளக்கு உத்தரவை அல்ல, இயந்திரத்தின் உண்மை நிலையைக் காட்டவேண்டும். ஷிப்டு தொடங்கும்போது எல்லா விளக்குகளையும் எரியவிட்டுப் பார்க்க டெஸ்ட் பட்டன் வேண்டும். கெட்டுப்போன விளக்கை அன்றே மாற்றவேண்டும்.

சின்ன விளக்குக்குக் கணக்குப் பார்ப்பவர்கள், பிறகு தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிவைக்க அனுமதியோம்!